இடது சிலிண்டரும் என் கத்திரியும்

டிசம்பர் 1, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துவைத்த துணி மூன்று நாளாகக் கொடியிலேயே. தைக்க வந்த ரவிக்கைத் துணிகளில்கூட ஈர வாடை. ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு உலர்த்தியதில் மத்தியானம் போய்விட்டது.

செய்ய வேண்டியவை: தி. நகரில் லைனிங் துணி (வெள்ளை, சந்தனக் கலர்). கொக்கி அட்டை ஐந்து. மல்லிகாவின் அம்மாவுக்கு அளவு ரவிக்கையைத் திருப்பித் தருவது. கேஸ் பதிவது. மறக்காமல் பெரிய கத்திரிக்குச் சாணை.

கூடத்தில் தையல் வகுப்புப் பெண்கள் உட்கார இடம் இல்லை. பாதி இடத்தை என் வீட்டுக்காரரின் மோட்டார் சைக்கிள் பிடித்துக்கொண்டிருக்கிறது. முழு வண்டி என்றால்கூடப் பரவாயில்லை. செய்தித்தாள் விரித்து, பெட்ரோல் டேங்க், சைலன்சர் இரண்டு, சீட், பெயர் தெரியாத தகடுகள். எஞ்சினும் மிச்ச வண்டியும் மெக்கானிக் டில்லியின் ஷெட்டில். ஆபீஸ் விட்டு வந்ததும் இவர் சைலன்சரைத் துடைக்க உட்கார்ந்துவிடுகிறார். கல்யாணத்துக்குப் பெண்ணை அலங்கரிப்பதுபோல அப்படி ஒரு துடைப்பு.

83 டிசம்பரில் வாங்கியது. ரெட்டை சிலிண்டர். பதினைந்து வருடம் முடிகிறது. வருகிற 11ஆம் தேதி வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டினால்தான் மறுபதிவு. செப்டம்பரில் நங்கநல்லூரிலிருந்து திரும்பும்போது இடது சிலிண்டர் உள்ளே பிஸ்டன் இறுகி, ரிங் உடைந்து, எல்லாம் கீறி நாசம். அதிலிருந்து வண்டி படுத்த படுக்கை.

போன மாதம் இவரே வாய் விட்டார். “இந்தத் தடவை ஆகலைன்னா நானே தள்ளிக்கிட்டுப் போய் இரும்புக் கடைல போட்டுடறேன் சரோ. போதுமா?”

“போதும்” என்றேன். மனதாரத்தான் சொன்னேன். இந்த வண்டிக்கும் எனக்கும் ஆரம்பத்திலிருந்தே ஆகாது. சத்தம், புகை, உலர்த்திய புடவையில் எண்ணெய் வாடை. 86இல் சாந்தோம் ரோட்டில் என் முந்தானை சக்கரத்தில் சிக்கியது, நல்லவேளை கிழிந்தது புடவை மட்டும். “இரும்புக் கடைல போடுங்க” என்று நான் சொல்லாத மாதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை புதுப்பேட்டை உதிரிக் கடையிலிருந்து ஒரு பழைய சிலிண்டரைத் துண்டில் சுற்றிக் குழந்தையைத் தூக்கிவருவதுபோல் கொண்டுவந்தார். “கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன், இது என் வண்டி சிலிண்டர்தான்.” வலது பக்கம் பழையதே, 83இல் கம்பெனியிலிருந்து வந்தது. இடதுக்கு இது.


டிசம்பர் 3, வியாழன்

மழை விட்டது. வெயில் இல்லை.

மாலை ஐந்து மணிக்கு மந்தைவெளி மார்க்கெட்டில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பின்சந்திலிருந்து அந்தச் சத்தம். மூன்று மாதமாகக் கேட்காத சத்தம், எனக்குத் தெரியாதா! கூடையோடு போய்ப் பார்த்தேன். டில்லியின் ஷெட் வாசலில், காலையில் இவர் கொண்டுபோய் மாட்டிய சைலன்சர்களோடு, பாட்டில் பெட்ரோலில் வண்டி நின்றபடி உறுமுகிறது. நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள். இவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். சந்தே புகை.

டில்லி மட்டும் கைதட்டவில்லை. குந்தி உட்கார்ந்து இரண்டு சைலன்சருக்கும் பின்னால் உள்ளங்கையை மாற்றி மாற்றிக் காட்டினான். எழுந்து சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டான்.

“ரெடி ஆவல சார்.”

“ஓடுதே டில்லி!”

“ஓடுது. நொண்டிக்கினு ஓடுது. வலது இழுக்குது, இடது தொங்கிக்கினு வருது.”

“ஆர்டிஓவுக்கு இது போதும்பா.”

“அவுருக்குப் போதும். எனக்குப் போதாது. இப்டியே ஓட்டினீங்கன்னா மூணு மாசத்துல கிராங்கு பூடும். அப்பால டில்லி செஞ்ச வண்டின்னு சொல்வீங்க.”

டில்லிக்கும் இவர் வயதுதான், நாற்பத்தைந்து இருக்கும். இத்தனை வருடம் அவனை எண்ணெய்ச் சட்டையாகத்தான் பார்த்திருக்கிறேன். இன்றுதான் ஆளைப் பார்த்தேன். போட்டுக்கொள்ளப் போகிறவளே நன்றாக இருக்கிறது என்று சொன்ன ரவிக்கையை, கை இழுக்கிறது என்று நான் பிடுங்கி வந்து பிரித்ததுண்டு. அந்த எரிச்சல் எனக்குத் தெரியும். பிடித்துப்போயிற்று அவனை.

இவர் வழியெல்லாம் முணுமுணுப்பு. கீரையில் பாதி அழுகல்.


டிசம்பர் 4, வெள்ளி

இவர் லீவு. சாப்பாடு கொடுக்கப் போனேன். திரும்ப ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. காரணம் எழுதுகிறேன்.

காலையில் டில்லி பிளக்கை மாற்றி, இரண்டு கார்புரேட்டரையும் இடம் மாற்றி எல்லாம் பார்த்துவிட்டானாம். நொண்டல் போகவில்லை. நான் போனபோது எஞ்சினைத் திரும்பவும் பிரித்து, இரண்டு சிலிண்டரையும் பெஞ்சில் வைத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வெளில பாத்தா ரெண்டும் ஒண்ணாத்தான் கீது டீச்சரம்மா. உள்ள இன்னாவோ வேற.”

உள்ளே சுவரில் ஓட்டைகள் இருக்கின்றன. ஜன்னல் என்கிறான். பெட்ரோல் காற்று வருவதற்குச் சில, புகை வெளியே போகப் பெரியதாக ஒன்று. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது இந்த ஜன்னல்களைத் திறந்து மூடும். எந்த உயரத்தில் திறக்கிறது என்பதில்தான் வண்டியின் வேகமே இருக்கிறதாம். தீக்குச்சியை உள்ளே விட்டு நகத்தால் அளவு பிடித்துக்கொண்டிருந்தான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உருளையாக இருக்கிற ஒன்றை யாராவது குச்சியால் அளப்பார்களா? தைத்த ரவிக்கையின் கை வளைவை எப்படிப் பிரதி எடுப்போம்? பையில் பட்டர் பேப்பர் இருந்தது. வளையலைக் கழற்றிவிட்டு, பேப்பரைச் சுருட்டி வலது சிலிண்டருக்குள் விட்டு, சுவரோடு ஒட்ட அமுக்கி, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தேன். ஜன்னல் விளிம்பெல்லாம் கறுப்பாக விழுந்தது. இடதிலும் அப்படியே. இரண்டு பேப்பரையும் அடி விளிம்பு சேர்த்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாசல் வெளிச்சத்தில் பிடித்தேன்.

சின்ன ஜன்னல்கள் அச்சுப்போல ஒன்றாக இருந்தன. பெரிய ஜன்னல் மட்டும் இல்லை. இடதில் அது தாழ்ந்திருக்கிறது. ஒரு நூலுக்கு, அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குக்கு, கொஞ்சம் குறைவு.

டில்லி பேப்பரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், “இருவது வருசமா குச்சிய வெச்சிக்கினு நோண்டிக்கினு கீறேன் நானு” என்றான். எனக்கு ஒரே பெருமை. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது!

விஷயம் இதுதான். அந்தக் கம்பெனியே முதலில் வேகமான வண்டி போட்டதாம். பிறகு பெட்ரோல் மிச்சப்படுத்த உள் ஜன்னலைத் தாழ்த்திவிட்டதாம். வெளித்தோற்றம் மாறவில்லை. எங்கள் வலது முதல் ரகம். புதுப்பேட்டை இடது இரண்டாம் ரகம். “ஒரே மாட்டு வண்டில காளையும் கண்ணுக்குட்டியும் பூட்டினாப்ல.”

கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்லுவேன் என்றவர் டார்ச்சைத் தட்டித் தட்டிப் பேட்டரி பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒன்றும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டேன்.


டிசம்பர் 6, ஞாயிறு

நேற்றும் இன்றும் இரண்டு பேரும் புதுப்பேட்டை முழுக்கச் சலித்துவிட்டார்கள். கிடைத்தவை: இரண்டாம் ரகத்தில் மூன்று. முதல் ரகத்தில் ஒன்று, ஆனால் பிளந்தது. “அடுத்த வாரம் வாங்க சார்” இரண்டு கடையில். அடுத்த வாரம் யாருக்கு வேண்டும்?

மாலை டில்லி வீட்டுக்கே வந்தான். செருப்பை வாசலில் விட்டு, எண்ணெய்க் கை படாமல் முழங்கையால் கதவைத் தள்ளினான். இடது ஜன்னலை அரத்தால் மேலே உயர்த்தி வலதுக்குச் சமமாக்கிவிடலாம் என்றான். “அறுத்தா அறுத்ததுதான் சார். இரும்பக் கழிக்கலாம், சேக்க முடியாது.”

இவர் சரி என்றார். துணியாக இருந்தால் பிரித்துவிடலாம். இரும்பில் பிரித்துவிட என்ன இருக்கிறது என்று எனக்கே திக்கென்றது.

என்னிடம் ஒரு வேலை. வலது சிலிண்டரின் பெரிய ஜன்னலை மட்டும், அடி விளிம்பு வரை ஒரு பட்டையோடு, மெல்லிய அட்டையில் வெட்டித்தர வேண்டும். அதை இடதுக்குள் ஒட்டி, சுற்றிக் கோடு கீறிக்கொண்டு, அந்தக் கோடு வரை அராவுவான்.

சாணை பிடித்த பெரிய கத்திரியை எடுத்தேன். ஒரே ஓட்டம், எங்கும் நிறுத்தாமல் வெட்டிக் கொடுத்தேன். டில்லி வாங்கிப் பார்த்து, “மிசின்ல வெட்டினாப்ல கீது” என்றான். காபி கொடுத்தேன். பில்டர் காபி, இரண்டாம் டிகாஷன் இல்லை.


டிசம்பர் 7, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை பத்து மணிக்குச் சும்மா ஒரு பார்வை என்று ஷெட்டுக்குப் போனேன். இவர் ஆபீசில். டில்லி ஆரம்பித்திருந்தான். உள்ளே துணி அடைத்து, எலிவால் அரத்தால் நான்கு இழுப்பு. நிறுத்தி, ஊதி, சுண்டுவிரலால் தடவிப் பார்ப்பது. மறுபடி நான்கு. ஐந்தாவது இழுப்பு கிடையாது. ஜன்னலின் இடது ஓரத்தில் எத்தனை உண்டோ வலது ஓரத்தில் அத்தனை. பிஸ்டன் ரிங் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று விளிம்பை எண்ணெய் தொட்ட உப்புத்தாளால் மழுக்கினான். நான் கால் மணி நேரம் நின்றதையே அவன் பார்க்கவில்லை. ஒரு மனிதன் ஒரு வேலைக்குள் அப்படிப் போய்விட்டால் பக்கத்தில் நிற்பவளுக்கும் மூச்சு நிதானமாகிவிடுகிறது. என்ன கை அது! இருபத்திரண்டு வருடம் தைக்கிறேன், என் கையை யாராவது இப்படி நின்று பார்த்திருப்பார்களா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மணிக்கு வகுப்பு. மல்லிகா கழுத்து வளைவில் கோட்டின் மேலேயே கத்திரியை விட்டாள். எப்போதும் சொல்வதைச் சொன்னேன். “கோட்டு மேல வெட்டாதேன்னு எத்தனை தடவை சொல்றது? தையலுக்கு விட்டு வெளியே வெட்டு. குறைஞ்சா போச்சு, கூட இருந்தா பிடிச்சுக்கலாம்.”

சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. அட்டை. நேற்றைய அட்டையை நான் எங்கே வெட்டினேன்? கோட்டுக்கு வெளியே. சுற்றி அரை நூல் விட்டு. யோசித்து அல்ல. என் கை அப்படித்தான் வெட்டும், வேறு மாதிரி அதற்குத் தெரியாது.

குடைகூட எடுக்காமல் ஓடினேன். “டீச்சர், டீச்சர்” என்று மல்லிகா பின்னாலேயே தெருமுனை வரை.

டில்லி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. சிலிண்டர் மடியில்.

“எங்க தப்பினேன்னு தெர்ல டீச்சரம்மா. கோட்டத் தாண்டவே இல்ல நானு. பிஸ்டன வெச்சிப் பாக்கறேன், வலதவிட இடது அரை நூலு ஒசந்து பூட்ச்சி.”

“கோடே தப்பு டில்லி. என் கத்திரி.” என்றேன்.

அவன் எண்ணெயில் ஊறிய அட்டையை எடுத்து வலது சிலிண்டரின் ஜன்னல்மேல் வைத்தான். சுற்றிலும் மிஞ்சித் தெரிந்தது என் அரை நூல். கொஞ்ச நேரம் பார்த்தான். “ரவிக்கைக்கு வுடறாப்ல வுட்டுக் கீறீங்க” என்றான். திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். “அரத்தத் தொடறதுக்கு முன்ன இப்டி வெச்சிப் பாத்திருக்கணும். பாக்காத வுட்டது என்மேல.”

வழி ஒன்றே ஒன்று. இடதைக் குறைக்க முடியாது. வலதையும் அதே அரை நூல் உயர்த்த வேண்டும். வலது இவருடைய சொந்தச் சிலிண்டர். பதினைந்து வருடத்தில் அரம் படாதது. அதிலும் தப்பினால் எதுவும் மிஞ்சாது. வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்.

“சாரக் கேக்காம அதத் தொட மாட்டேன்” என்றான்.

“நான் சொல்லிக்கறேன்” என்றேன்.


டிசம்பர் 8, செவ்வாய், காலை 6

நேற்று மாலை நான் சொல்வதற்கு முன்னாலேயே இவருக்குத் தெரிந்திருந்தது. வரும் வழியில் ஷெட்டுக்குப் போய்விட்டு வந்திருக்கிறார். டில்லி சொன்னானாம்: “என் அரம் தாண்டிட்ச்சி சார். வலதையும் ஒசத்தினாத்தான் சரியாவும்.”

என் பெயரையே எடுக்கவில்லை அவன்.

நான் மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. உள்ளதை எழுதிவிடுகிறேன்: பயம். பதினைந்து வருடமாக இரும்புக் கடை, இரும்புக் கடை என்று பாடியவள். அவளே வெட்டிக் கொடுத்த அட்டையால் சிலிண்டர் போயிற்று என்றால் யார்தான் தற்செயல் என்று நம்புவார்கள்? வேண்டுமென்றே செய்தேன் என்றுதான் நினைப்பார். அதை என்னால் தாங்க முடியாது. வண்டி போனால் போகட்டும், அது வேறு.

அவன் பொய் சொல்லிவிட்டான். நான் அதன் நிழலில் தோசை வார்த்தேன். வெட்கமாக இருக்கிறது.

அதே நாள், 11 மணி

சொல்லிவிட்டேன்.

காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு இவர் ஆரம்பித்தார். “நல்ல வேலைக்காரன்னு நம்பினேன். கோட்டுக்குள்ள அராவத் தெரியாதவன் என்ன மெக்கானிக்? எஞ்சினை அள்ளிக்கிட்டு ராயப்பேட்டைல வேற ஆள்கிட்ட குடுக்கப்போறேன்.”

நேற்றுக் காலை பார்த்த அந்தக் கையைப் பற்றி இப்படி. பொறுக்கவில்லை.

“அவன் கோட்டைத் தாண்டலைங்க. கோடு போட்ட அட்டையே தப்பு. நான் தையலுக்கு விடற மாதிரி விட்டு வெட்டிட்டேன். பழக்கத்துல.”

“எப்ப தெரிஞ்சுது உனக்கு?”

“நேத்து வகுப்புல.”

“அப்ப நேத்தே ஏன் சொல்லல?”

இவர் என்னைப் பார்த்தார். கோபமான பார்வை என்றால் பழகியது. இது வேறு. முன்பின் தெரியாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல இருந்தது. “ம்” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். காபி அப்படியே இருக்கிறது.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று வாசல்வரை ஓடிக் கத்தலாம்போல இருந்தது. கேட்காத கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது?

லைனிங் துணி இன்னும் வாங்கவில்லை. கேஸ் பதிந்தாயிற்று.


டிசம்பர் 9, புதன்

நேற்று மத்தியானம் மனசு கேட்காமல் ஷெட்டுக்குப் போனேன். இவர் ஆபீசுக்கே போகவில்லை. கவிழ்த்த ஆயில் டின்மேல் உட்கார்ந்து டில்லிக்கு டார்ச் பிடித்துக்கொண்டிருந்தார். ராயப்பேட்டைப் பேச்சே இல்லை. டில்லியிடம் என்ன பேசினார், பேசினாரா, தெரியாது. இவர் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு நான் கண்டதில்லை. டீ மட்டும் இரண்டு கிளாஸ் இருந்தது.

“டீச்சரம்மா, இன்னொரு அட்டை ஓணும்” என்றான் டில்லி. “இப்ப இடதுலேர்ந்து எடுங்க. இந்தத் தபா கோட்டு மேலயே.”

நான் இவரைப் பார்த்தேன். இவர் டார்ச்சைப் பார்த்துக்கொண்டு, “வெட்டிக் குடு” என்றார்.

இன்று காலை வெட்டினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கத்தை அடக்கிக் கோட்டின் மேலேயே கத்திரியை நடத்துவது எத்தனை கஷ்டம் என்று எனக்குத்தான் தெரியும். கை வெளியே வெளியே ஓடுகிறது. மூன்று அட்டை வீண். நான்காவதை இடது ஜன்னலில் வைத்துப் பார்த்தேன், பூட்டியதுபோல உட்கார்ந்தது. டில்லி வைத்துப் பார்த்தான். அப்புறம் இவர் வாங்கி, டார்ச் அடித்து, தானும் வைத்துப் பார்த்தார்.

அது எனக்குச் சுருக்கென்றது. அளவைப் பார்த்தாரா, என்னைப் பார்த்தாரா?

டில்லி வலதை எடுத்தான். தொடுவதற்கு முன் கையை மண்ணெண்ணெயில் கழுவி, சோப்பு போட்டுக் கழுவி, துடைத்தான். நான்கு இழுப்பு, நிறுத்தம். நான்கு இழுப்பு, நிறுத்தம். இவர் டார்ச்சை அசைக்கவே இல்லை, கை மரத்துப்போயிருக்கும். நான் வகுப்புக்கு லீவு விட்டுவிட்டேன். மூன்றே காலுக்கு அரத்தைக் கீழே வைத்தான்.

இரண்டு சிலிண்டரிலும் பிஸ்டனை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினான். இரண்டு ஜன்னலும் ஒரே சமயத்தில் ஒரு கீற்று வெளிச்சம் காட்டின. முன்னும் இல்லை, பின்னும் இல்லை. வெறும் அரமும் கண்ணும்! என் தப்பை எடுத்து, அதே தப்பைத் துளி பிசகாமல் இன்னொரு பக்கமும் செய்து, இரண்டையும் சரியாக்கிவிட்டான். இப்படி ஒரு வேலைக்காரனை நான் பார்த்ததில்லை. இவன் வீட்டில் யாருக்காவது ரவிக்கை வேண்டுமென்றால் நான் தைத்துத் தருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். “அளவு கரீட்டா இருக்குமா?” என்றான், படவா.


டிசம்பர் 10, வியாழன்

வெயில்! எல்லாத் துணியையும் மொட்டை மாடியில் போட்டேன்.

பதினோரு மணிக்கு எஞ்சின் பூட்டியாயிற்று. கூடத்திலிருந்த சாமான்களை இவரும் நானும் ஆட்டோவில் கொண்டுபோனோம். நான் மடியில் சீட்டை வைத்திருந்தேன், இவர் டேங்க்கை.

மூன்றாவது உதையில் பிடித்தது. டில்லி குந்தி உட்கார்ந்து இரண்டு சைலன்சருக்கும் உள்ளங்கை காட்டினான். மாற்றி மாற்றி. இந்தத் தடவை நிறுத்தவில்லை. இவரைப் பார்த்துத் தலையை ஆட்டினான்.

சத்தம் மாறிவிட்டது. மெதுவாக இருக்கும்போது இருமல். கொஞ்சம் திருகினால் ஒரு சீறல். இவர் அடையாறு பாலம் வரை போய்த் திரும்பி வந்தார். தலைமுடியெல்லாம் நட்டுக்கொண்டிருந்தது.

“பேய்டா இது” என்றார் டில்லியிடம். “கைல நிக்கல!”

“ஜன்னல் ஒசந்ததுல ஸ்லோல சண்டித்தனம் பண்ணும் சார். மேல போனா பறக்கும். ஆனா ரெண்டும் ஒண்ணா பறக்கும்.”

புதிதாக வாங்கியபோதுகூட இப்படி ஓடியதில்லையாம். டில்லியிடம்தான் சொன்னார். என்னிடம், “நாளைக்கு ஒம்பது மணிக்கு” என்றார்.

நாளை மெதுவாக ஓட்டச் சொன்னால்? சண்டித்தனம் பண்ணி நின்றுவிட்டால்? இந்த வண்டி தேற வேண்டும் என்று கபாலியிடம் வேண்டிக்கொண்டேன். நானா என்று எனக்கே நம்ப முடியவில்லை.


டிசம்பர் 11, வெள்ளி

இவர் வண்டியில். நானும் டில்லியும் பஸ்ஸில். டில்லி வெள்ளைச் சட்டை போட்டு, விபூதி வைத்து வந்திருந்தான். நான்தான் முதலில் அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனேன்.

ஆர்.டி.ஓ. ஆபீசில் நல்ல கூட்டம். எஞ்சின் நம்பர், சேசிஸ் நம்பர், விளக்கு, ஹாரன், பிரேக். எல்லாம் ஆயிற்று. “மெதுவா அந்த மரம் வரைக்கும் போய்த் திரும்புங்க” என்றார் இன்ஸ்பெக்டர். எதை வேண்டாம் என்று பயந்தேனோ அதையே கேட்டார். மரத்தடியில் திரும்பும்போது இருமி நின்றுவிட்டது. டில்லி என் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டான். இவர் பதறாமல் இறங்கி, ஒரே உதை. பிடித்தது. திரும்பி வரும்போது கொஞ்சம் திருகிவிட்டார் போல. வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் ஒதுங்கினார்கள்.

“பதினஞ்சு வருஷ வண்டியா இது?” இன்ஸ்பெக்டர் தானே ஒருமுறை திருகிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னும் ஐந்து வருடத்துக்கு.

டில்லி டீ குடிக்கப் போனான். முத்திரைக்காகக் காத்திருந்த பெஞ்சில் இவரும் நானும் மட்டும். இனிமேலும் அடக்க முடியாது என்று கேட்டுவிட்டேன்.

“நான் வேணும்னே வெட்டினேன்னு நெனச்சீங்களா?”

உடனே இல்லை என்று சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

“நெனச்சேன். செவ்வாய்க்கிழமை வீட்லேர்ந்து ஷெட்டு போற வரைக்கும் நெனச்சுக்கிட்டேதான் போனேன்.”

“அப்புறம்?”

“டில்லி அந்த எண்ணெய் அட்டையைக் காட்டினான். வலது ஜன்னல் மேல வச்சு. சுத்தி வர அரை நூல் விட்டிருக்கே சரோ. வளைவுல கூட, மூலைல கூட, எங்கேயும் துளி கூடக் கொறையல. கெடுக்கணும்னு வெட்டறவ அவ்வளவு ஒழுங்கா வெட்ட மாட்டா. ரெண்டு பேரும் ரொம்ப நேரம் அதையேதான் பாத்துக்கிட்டிருந்தோம். டீ வாங்கிட்டு வந்து திருப்பியும் பாத்தோம்.”

அதற்குள் கவுண்டர் ஜன்னலில் இவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து போய்விட்டார்.